எச்எஸ்ஆர்பி, விஆர்ஆர்பி, ஜிஎல்பிபி: கேட்வே விழுந்தால் தாங்கிப் பிடிப்பது எது?

தன் வலையமைப்பை விட்டு வெளியே போக, ஒரு கணினிக்கு வழக்கமாக ஒரே ஒரு கேட்வே (வெளிவாசல்) முகவரிதான் தெரியும். அந்த முகவரியைத் தாங்கும் லேயர் 3 ஸ்விட்ச் (வலையமைப்புகளுக்கு இடையே பாக்கெட்டுகளை வழிநடத்தும் கருவி) நின்றுவிட்டால், அருகில் இன்னொன்று இயங்கிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. இரண்டு ஸ்விட்சுகள் ஒரு மெய்நிகர் ஐபியையும் அதற்குரிய மெய்நிகர் மேக் (வன்பொருள்) முகவரிகளையும் பகிர்ந்துகொள்ளச் செய்து, பொறுப்பு கைமாறுவதைக் கணினிகள் உணராமலே பார்த்துக்கொள்வதுதான் இந்த மூன்று நெறிமுறைகளின் வேலை.

எச்எஸ்ஆர்பி சிஸ்கோவுக்கே உரியது. 1998-இல் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 2281 என வெளியானபோதும், அது பொதுத் தரமாக அல்ல, தகவல் ஆவணமாகத்தான் வெளியானது. விஆர்ஆர்பி பொதுத் தரம் என்பதால் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே குழுவில் சேர முடியும். இயல்பு அமைப்பில் எச்எஸ்ஆர்பி 3 விநாடிக்கு ஒருமுறை ஹலோ (‘இயங்குகிறேன்’ என்னும் செய்தி) அனுப்பி, 10 விநாடி மௌனத்துக்குப் பிறகே இணையை இழந்ததாகக் கருதுகிறது. விஆர்ஆர்பி ஒவ்வொரு விநாடியும் அறிவிப்பதால், முன்னுரிமை (யார் முதன்மை என்பதைத் தீர்மானிக்கும் எண்; பெரியது வெல்லும்) 100 உள்ள மாற்று ஸ்விட்ச் ஏறக்குறைய 3.6 விநாடியில் பொறுப்பேற்கிறது. இரண்டிலும் நேரத்தை விநாடிக்குக் கீழே குறைக்கலாம். ஆனால் ஸ்விட்சின் சிபியூ வேலைப்பளுவில் தத்தளிக்கும்போது ஹலோ தாமதமாகி, காரணமே இல்லாமல் பொறுப்பு மாறி மாறித் தாவும் என்பதால், அளவுக்கு மீறிய வேகத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே என் பார்வையில் மிக முக்கியமான வேறுபாடு பிரீஎம்ட் அமைப்பில், அதாவது அதிக முன்னுரிமை உள்ள ஸ்விட்ச் மற்றதிடமிருந்து பொறுப்பைப் பறித்துக்கொள்ளும் வசதியில் இருக்கிறது. விஆர்ஆர்பியில் அது இயல்பாகவே இயங்கும். எச்எஸ்ஆர்பியில் நாம்தான் இயக்க வேண்டும். முதன்மை ஸ்விட்சுக்கு 110, மாற்றுக்கு 100 என முன்னுரிமை கொடுத்து, அப்லிங்க் (வெளியே செல்லும் மேல் இணைப்பு) அறுந்தால் முதன்மையின் முன்னுரிமை 10 குறையும்படி டிராக்கிங் (இணைப்பைக் கண்காணிக்கும் அமைப்பு) வைத்திருப்பதாகக் கொள்வோம். அறுந்ததும் இரண்டும் 100 என்று சமமாகிவிடுவதால், யார் பொறுப்பேற்பது என்பதை முன்னுரிமை தீர்மானிக்காமல் போகிறது. குறைப்பை 20 ஆக்கினால் 90-க்கு எதிராக 100 என்று நிலைமை தெளிவாகும். ஆனால் எச்எஸ்ஆர்பியில் மாற்று ஸ்விட்சில் பிரீஎம்ட் இல்லையென்றால் அப்போதும் எதுவும் மாறாது: முதன்மை ஹலோ அனுப்பிக்கொண்டே இருக்கும், வெளியேற வழியில்லாத பாக்கெட்டுகளும் அதனிடமே போய்ச் சேரும்.

பிரீஎம்ட்டுக்கு மறுபக்கமும் உண்டு. மறுதொடக்கம் ஆகி வந்த ஸ்விட்ச், விலான் (ஒரே ஸ்விட்சில் தனித்தனியாகப் பிரித்த மெய்நிகர் வலையமைப்பு) இடைமுகங்கள் எழுந்தவுடனே பொறுப்பைப் பறித்துக்கொள்ளும். பாதைகளைக் கற்றுக்கொள்ள உதவும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையின் அண்டை உறவுகள் அதற்குள் உருவாகியிருக்காது. ரவுட்டிங் அட்டவணை நிறையும் வரை பாக்கெட்டுகள் தொலைந்துபோகும். ஆகவே ரவுட்டிங் நிலைபெற ஆகும் நேரத்தைவிடச் சற்று அதிகமாகப் பிரீஎம்ட் தாமதம் வைப்பது, எந்த நெறிமுறையைத் தேர்ந்தெடுத்தாலும் அவசியம்.

சிஸ்கோவின் ஜிஎல்பிபி, கேட்வே ஐபிக்குரிய மேக் எது என்று கணினிகள் கேட்கும் ஏஆர்பி கேள்விகளுக்கு வெவ்வேறு மேக் முகவரிகளைப் பதிலாகத் தந்து, ஒரே குழுவில் 4 ஸ்விட்சுகள் வரை சுமையைப் பகிர வைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கெட்டுகள் வட்டமடிக்காமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை ஓர் அப்லிங்க்கைத் தடுத்து வைத்திருக்கும் வலையமைப்பில், இரண்டாம் ஸ்விட்சுக்குப் போக வேண்டிய பாக்கெட் முதல் ஸ்விட்ச் வழியாகவே சுற்றிப் போகிறது. பகிர்வின் பலன் அங்கே கரைந்துவிடுகிறது. விலான்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒரு ஸ்விட்சும் மறு பாதிக்கு மற்றதும் முதன்மையாக இருக்கும்படி அமைத்து, அந்தந்த விலானின் ஸ்பானிங் ட்ரீ ரூட்டையும் (மைய ஸ்விட்ச்) அதே ஸ்விட்சில் வைப்பது எளிமையானது, பழுது பார்க்கவும் வசதியானது.

பாதுகாப்பில் எச்எஸ்ஆர்பி ஒரு படி மேல். அதில், செய்தி உண்மையான இணையிடமிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எம்டி5 சரிபார்ப்பு உண்டு. 2010-இல் வந்த விஆர்ஆர்பி மூன்றாம் பதிப்பு ஐபிவி6-ஐயும் சேர்த்துக்கொண்டது, ஆனால் சரிபார்ப்பைக் கைவிட்டது. எனவே பயனர் போர்ட்டுகளிலிருந்து வரும் 112-ஆம் எண் ஐபி நெறிமுறையை, அதாவது விஆர்ஆர்பி செய்திகளை, ஏசிஎல் (அனுமதி விதிப் பட்டியல்) கொண்டு தடுத்துவிட வேண்டும்.

புதிதாக அமைப்பவர்களுக்கு விஆர்ஆர்பி மூன்றாம் பதிப்பையே சொல்வேன். முழுவதும் சிஸ்கோவாக இருந்து எச்எஸ்ஆர்பி சீராக ஓடும் இடத்தில் மாற்றத் தேவையில்லை. எதுவாயினும் பிங் ஓடவிட்டபடி மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்: முதன்மையின் மின்சாரத்தை நிறுத்துவது, அதன் அப்லிங்க்கை மட்டும் பிடுங்குவது, அது மறுபடி எழுந்து பொறுப்பைத் திரும்ப எடுக்கும்வரை காத்திருந்து எத்தனை பாக்கெட்டுகள் விழுகின்றன என்று எண்ணுவது. பலர் முதல் சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள்; டிராக்கிங் பிழை இரண்டாவதிலும், பிரீஎம்ட் தாமதப் பிழை மூன்றாவதிலும்தான் வெளிப்படும்.