டிஸ்கஸ், கிஸ்கஸ், இஸ்ஸோ: பின்னூட்டப் பெட்டி எதை வைக்கலாம்?

என்ட தளத்தில சமையல்தான் கூட. அம்மம்மா யாழ்ப்பாணத்தில செய்த சாப்பாட்டை இப்ப வெள்ளவத்தை பிளாட்டில, காஸ் அடுப்பில எப்பிடிச் செய்யிறது எண்டு எழுதிக்கொண்டு வாறன். 2019ல ஒடியல் கூழ் (பனங்கிழங்கைக் காயவச்சு இடிச்ச மாவில செய்யிறது) பற்றி ஒண்டு எழுதினன், அதில மாவைக் கரைச்சு நேரா பானையில ஊத்தச் சொல்லிப்போட்டன். ரெண்டு நாளால ஒரு அம்மா பேர் போடாம கீழ எழுதினா: "பிள்ளை, ஒடியல் மாவை முதல்ல தண்ணியில ஊறவிட்டு, மேல தெளியிற தண்ணியை ரெண்டு மூண்டு தரம் வடிச்சு ஊத்தவேணும். இல்லாட்டிக் கைக்கும்." அவ்வளவுதான் எழுதினவ. நான் எழுதின ஆயிரம் சொல்லை விட அந்த மூண்டு வரிதான் கூழுக்கு உதவினது, பிறகு குறிப்பையே திருத்தி எழுதினன்.

இதை ஏன் முதல்ல சொல்லுறன் எண்டா, எந்தப் பின்னூட்ட சிஸ்டம் நல்லது எண்டு கேக்கிற ஆக்கள் வேகம், டிசைன், டார்க் மோட் எண்டுதான் கதைக்கிறாங்க. எனக்கு ரெண்டே கேள்விதான். அந்த அம்மா மாதிரி ஒராள் போனில இருந்து ஒரு கணக்கும் திறக்காம எழுத ஏலுமா? எழுதினது பத்து வருஷம் கழிச்சும் என்ட கையில இருக்குமா? முதல் கேள்வியிலயே கன ஒப்ஷன் விழுந்துபோயிடும், ரெண்டாவதுதான் என்னைக் கடைசியா இஸ்ஸோவில கொண்டுவந்து விட்டது.

முதல்ல டிஸ்கஸ், ஒரு கொம்பனி தன்ட சேர்வரில நடத்துற பின்னூட்டப் பெட்டி. தளம் ஹியூகோ எண்ட மென்பொருளில ஓடுது, ஹியூகோவுக்குள்ளேயே டிஸ்கஸுக்கு டெம்ப்ளேட் இருக்கு, பேரைக் குடுத்தா பெட்டி வந்திடும். 2018ல இருந்து மூண்டு வருஷம் அதைத்தான் வச்சிருந்தன். நல்ல விஷயத்தைச் சொல்லவேணும்: கெஸ்ட்டா எழுத விடலாம், ஸ்பாம் பில்டர் நல்லம், எல்லாப் பின்னூட்டத்தையும் எக்ஸ்எம்எல் பைலா வெளிய எடுக்கலாம். ஆனா இலவசப் பிளானில விளம்பரம் வரும், அதை நிப்பாட்ட டொலரில கட்டவேணும், 2022 தொடக்கத்தில 200 ரூபாக்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்ட நாட்டில இருந்துகொண்டு மாசாமாசம் கட்டுற இன்னொரு டொலர் பில் எனக்கு வேண்டாம். விளம்பரத்தை விட ட்ராக்கிங்தான் பெரிய பிரச்சினை. 2017ல ஸீட்டா குளோபல் எண்ட மார்க்கெட்டிங் கொம்பனி டிஸ்கஸை வாங்கினது. அதே வருஷம்தான் 2012ல ஒரு கோடியே 75 லட்சம் பேரிட விவரம் களவுபோனது வெளிய வந்தது. 2021ல நோர்வேயிட தரவுப் பாதுகாப்பு அமைப்பு இரண்டரைக் கோடி குரோனர் தண்டம் விதிக்கப்போறம் எண்டு நோட்டீஸ் அனுப்பினது, வாசிக்க வாற ஆக்களைச் சொல்லாமலே பின்தொடருறது எண்டதுதான் குற்றச்சாட்டு. கூழ் செய்யப் படிக்க வாற ஒரு அம்மாவை நான் இதுக்குள்ள தள்ளிவிட ஏலாது.

பிறகு கிஸ்கஸ். கணினி வேலை செய்யிற என்ட கூட்டாளிமார் எல்லாரும் சொன்னது இதைத்தான். நிரல் எழுதுற ஆக்கள் தங்கட நிரலை வைக்கிற கிட்ஹப் தளத்தில, டிஸ்கஷன்ஸ் எண்ட பகுதியில பின்னூட்டம் போய் உக்காரும், சேர்வர் வேண்டாம், காசு வேண்டாம், விளம்பரம் இல்லை. அட்டரன்ஸஸ் எண்டு இன்னொண்டு இருக்கு, அது கிட்ஹப்பிட இஷ்யூஸ் எண்ட பகுதியில சேமிக்கும், மற்றபடி ஒரே ஜாதி. நிரலாக்கம் பற்றி எழுதுற ஆக்களுக்கு இதை விட நல்லது இல்லை, யோசிக்காம வையுங்கோ. ஆனா எழுதிறதுக்குக் கிட்ஹப் கணக்கு வேணும், என்ட வாசகர்களிட்ட அது எங்க இருக்கு? மூண்டு மாசத்தில ரெண்டு பின்னூட்டம் வந்தது, ரெண்டும் ஒபீஸ் ஆக்கள் போட்டது. தெஹிவளையில இருக்கிற எங்கட சின்னம்மா போன் எடுத்துக் கேட்டா, "தம்பி, கீழ எழுதப் போனா என்னவோ பாஸ்வேர்ட் கேக்குது, உனக்கு வாட்ஸப்பில அனுப்பட்டா?" எண்டு. அண்டைக்கு இரவே கழட்டினன்.

2022 ஜனவரியில இருந்து இஸ்ஸோ. பைத்தனில எழுதினது, நீங்களே உங்கட சேர்வரில ஓடவிடவேணும். பேர், மின்னஞ்சல் கூட கட்டாயம் இல்லை, பெட்டியில எழுதி அனுப்பினாச் சரி. எழுதினவர் 15 நிமிஷத்துக்குள்ள தானே திருத்தலாம், அழிக்கலாம். மட்டறுத்தலை (நாங்க பாத்து விட்டாத்தான் வெளிய வாறது) போட்டுவிட்டா ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் மெயில் வரும், அதுக்குள்ள அனுமதிக்க ஒரு லிங்க், அழிக்க ஒரு லிங்க், நான் 155 பஸ்ஸில இருந்துகொண்டே அமத்தி விடுவன். எழுதினவர் எந்த இணைப்பில இருந்து வந்தவர் எண்டு காட்டுற ஐபி முகவரியைக் கூட முழுசா வைக்காது, கடைசிப் பகுதியை மறைச்சுத்தான் சேமிக்கும்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது, மொத்தப் பின்னூட்டமும் ஒரே ஒரு எஸ்க்யூலைட் பைல், அதாவது ஒரு சின்னத் தரவுத்தளம். அதைத் திறந்தா ஒரு டேபிளில பதிவுகள், இன்னொண்டில பின்னூட்டங்கள், ஆர் எழுதினது, எப்ப எழுதினது எல்லாம் கண்ணுக்கு முன்னால இருக்கும். டிஸ்கஸ் எக்ஸ்எம்எல்லை இஸ்ஸோ நேரா இம்போர்ட் பண்ணும், ஆனா ஒரு இடத்தில கவனம். இஸ்ஸோ பதிவை அடையாளம் பிடிக்கிறது யூஆர்எல்லிட (பக்கத்திட இணைய முகவரி) பாதையை வச்சு. என்ட பழைய பதிவுகள் கொஞ்சத்துக்குத் தமிழ்ல யூஆர்எல், அது சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமா மாறி ஒரு இடத்தில ஒரு மாதிரி, மற்ற இடத்தில இன்னொரு மாதிரி பதிஞ்சிருந்தது, இம்போர்ட் முடிஞ்ச பிறகு பாத்தா கூழ்ப் பதிவுக்குக் கீழ வெறும் பெட்டி. நெஞ்சு திக்கெண்டது. பைலைத் திறந்து பாத்தா பின்னூட்டம் எல்லாம் பத்திரமா இருக்கு, பாதைதான் பிழை. பதினொரு வரியைக் கையால திருத்தினன், சரியாப்போச்சு. இன்னொருத்தர்ர சேவையில இப்பிடி நடந்திருந்தா சப்போர்ட்டுக்கு மெயில் போட்டுட்டுக் காத்துக்கொண்டு இருந்திருப்பன்.

பின்னூட்டம் காணாமப்போயிடும் எண்ட இந்தப் பயம் பழைய தமிழ்ப் பதிவர்களுக்கு விளங்கும். 2004 மே வரைக்கும் புளொக்கரில சொந்தப் பின்னூட்டப் பெட்டி இல்லை, கனபேர் ஹலோஸ்கேன் எண்ட வெளிச் சேவையைத்தான் வச்சிருந்தாங்க. 2010ல அது போச்சு, அதுக்குப் பதிலா வந்த எக்கோவும் 2012ல போச்சு. பதிவு இப்பவும் இருக்கும், கீழ நடந்த சண்டையும் சமாதானமும் இருக்காது.

ஆனா பைல் கையில இருக்கிறது எண்டா அதைப் பாக்கவேண்டியதும் நாங்கதான், இதைச் சொல்லாம விட்டா நான் பொய் சொல்லுறதாப் போயிடும். தொடக்கத்தில இஸ்ஸோவை வீட்டில ராஸ்பெரி பை எண்ட ஒரு சின்னக் கணினியில ஓடவிட்டன், மாசக் காசு மிச்சம் எண்டு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட். போய்ப்போய் வந்த கரண்டில மெமரி கார்ட் ஏப்ரலில செத்துப்போச்சு, கடைசி பேக்கப் பெப்ரவரி நடுவில எடுத்தது. நடுவில வந்த பின்னூட்டம் எல்லாம் போனதுதான். அதில பினாட்டு (பனம்பழக் களியைக் காயவச்சுச் செய்யிறது) போடுறது பற்றி ஒராள் நீளமா எழுதியிருந்தார், பாயில தடவி வெயிலில காயவிடுறது, மேல மேல எத்தனை தரம் பூசுறது எண்டெல்லாம். அவரிட மின்னஞ்சல் கூட என்னட்ட இல்லை, திருப்பிக் கேக்க வழியில்லை. இப்பவும் அதை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கும்.

அதால இப்ப வெளிநாட்டில மாசம் 5 டொலர் விபிஎஸ், அதாவது வாடகைச் சேர்வர். டொலர் பில் வேண்டாம் எண்டவன் கடைசியில இதுக்குக் கட்டுறன், ஆனா அதே சேர்வரில மெயிலும் இன்னும் ரெண்டு தளமும் ஓடுது. ஒவ்வொரு இரவும் நேரம் வச்சுத் தானா ஓடுற ஒரு க்ரொன் வேலை பைலை பேக்கப் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கிற பைலை நேரா கொப்பி அடிக்காதேங்கோ, பாதி எழுதினபடி பிடிபட்டா பிறகு திறக்காது, எஸ்க்யூலைட்டிலயே பேக்கப் கட்டளை இருக்கு, அதால எடுங்கோ. எடுத்தது விபிஎஸ்ஸிலயே கிடந்தா பிரயோசனம் இல்லை, என்ட லப்டொப்புக்கும் ஒரு கொப்பி வரும். மாசத்தில ஒருக்கா அந்தக் கொப்பியைத் திறந்து கடைசிப் பின்னூட்டம் இருக்கா எண்டு கண்ணால பாப்பன். எல்லாம் சேத்து மாசம் அரை மணித்தியாலம் வராது.

குறை ஸ்பாம். இஸ்ஸோவில டிஸ்கஸ் மாதிரிப் பெரிய பில்டர் இல்லை, நிமிஷத்துக்கு இத்தனைதான் எண்ட கட்டுப்பாடும் மட்டறுத்தலும்தான். எனக்குக் கிழமைக்கு அஞ்சாறு குப்பை வரும், அழிச்சுப்போட்டுப் போறன். ஒரு நாளைக்கு நூறு பின்னூட்டம் வாற தளத்துக்கு இது தாங்குமா எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ, எனக்கு அந்த அனுபவம் இல்லை.

ரிமார்க்42 எண்ட இன்னொரு பின்னூட்டப் பெட்டியை ரெண்டு கிழமை மட்டும் ஓடவிட்டுப் பாத்தன். கோ மொழியில எழுதினது, இதுவும் சொந்த சேர்வரில ஓடுறது, ஒவ்வொரு நாளும் தானே பேக்கப் எடுக்கும், அது இஸ்ஸோவில இல்லாத வசதி. பேர் மட்டும் குடுத்து எழுதுறதை நாங்கதான் செட்டிங்கில திறந்துவிடவேணும். இஸ்ஸோ ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததால நான் மாறேல்லை, புதுசாத் தொடங்கியிருந்தா அதைத்தான் எடுத்திருப்பனோ தெரியாது. ஆராவது ரெண்டு மூண்டு வருஷம் வச்சிருந்தா எழுதுங்கோ, முக்கியமா வேர்ஷன் மாத்தேக்க பழைய பின்னூட்டம் அப்பிடியே வந்ததா எண்டு.