ஒரே எண், இரண்டு சர்வர்: மெஷின்-ஐடி கட்டளையோடு சில ஆண்டுகள்

சிஸ்டம்டி-மெஷின்-ஐடி-செட்டப் என்று பெயரை நீளமாக வைத்திருக்கிறார்களே தவிர, லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி மென்பொருளைச் சேர்ந்த அந்தக் கட்டளை செய்கிற வேலை மிகச் சிறியது. ஒரு லினக்ஸ் நிறுவலுக்கென்று தனி அடையாள எண் ஒன்றை உருவாக்கி, ஈடிசி அடைவில் மெஷின்-ஐடி என்ற கோப்பில் எழுதி வைக்கும். 128 பிட் எண். திறந்து பார்த்தால் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள குறிகள் 32, ஒரே வரியில் இருக்கும். கோப்பில் ஏற்கெனவே சரியான எண் இருந்தால் கட்டளை அதைத் தொடாது.

கோலாலம்பூரில் சிறிய அலுவலகங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் கணக்கு அலுவலகங்கள், அச்சகங்கள், ஒரு டியூஷன் நிலையம் என்று வாடிக்கையாளர்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 18.04 பதிப்புக் காலத்தில் இந்தக் கட்டளையைக் கையில் எடுத்தேன், இப்போது 24.04 ஓடுகிறது. பெரிய டேட்டா சென்டர் எதுவும் என் பொறுப்பில் இல்லை. அலமாரிக்குள் ஒரு பெட்டி, அதில் கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள், அதற்குள் நாலைந்து மெய்நிகர் கணினிகள், அவ்வளவுதான். ஒன்றை ஒழுங்காக அமைத்து, மற்றவற்றை அதிலிருந்து குளோன் செய்வது, அதாவது முழுதாக நகலெடுப்பது, எல்லாருக்கும் வழக்கம். வரித்துறைக்கு மின்னணு முறையில் விலைச்சீட்டு அனுப்பும் இ-இன்வாய்ஸ் 2024 ஆகஸ்ட் 1 அன்று பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயமாகி, 2025 ஜனவரியிலும் ஜூலையிலும் அடுத்தடுத்த நிலைகளுக்கு இறங்கியதிலிருந்து, சோதனைக்கு ஒன்று, உண்மையான வேலைக்கு ஒன்று என்று ஒவ்வொரு கணக்கு அலுவலகமும் கூடுதல் சர்வர் கேட்கிறது. குளோன்கள் பெருகின. குளோன் செய்யும்போது கோப்புகளோடு சேர்ந்து அடையாள எண்ணும் நகலாகிவிடும் என்பதுதான் சிக்கல்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்கு அலுவலகம். நான் பொறுப்பேற்பதற்கு முன்பு வேறொரு ஒப்பந்தக்காரர் அமைத்துக் கொடுத்திருந்தார். அலுவலகத்தை நடத்தும் அக்கா முதல் நாளே சொன்னார்: "தம்பி, பத்து மணிக்குக் கோப்பு திறக்கிறது, பத்தேகாலுக்குத் திறப்பதில்லை. கேபிளை மாற்றினார்கள், சுவிட்சை மாற்றினார்கள், பணம்தான் போனது." எந்தக் கணினிக்கு எந்த ஐபி முகவரி என்று ரவுட்டர் குறித்து வைக்கும் லீஸ் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டு சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. நெட்வொர்க் அட்டைக்குரிய மேக் முகவரிகளோ வேறு வேறு. இரண்டு சர்வர்களிலும் எண்ணைத் திரையில் காட்டும் பிரிண்ட் விருப்பத்தோடு கட்டளையை ஓட்டியபோது, 32 குறிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்தன.

மேக் முகவரி வேறாக இருந்தும் ஏன் ஒரே ஐபி கிடைத்தது? உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி கேட்கும்போது தன்னை அடையாளம் காட்ட மேக் முகவரியை அனுப்புவதில்லை. மெஷின்-ஐடியிலிருந்து பிழிந்தெடுத்த ஓர் எண்ணை ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி நெறிமுறையின் 61-ஆம் விருப்பத்தில் வைத்து அனுப்புகிறது. எதிரே இருக்கும் டிஎச்சிபி சர்வர் அதைத்தான் நம்பும். ஒரே எண்ணோடு இரண்டு பேர் வந்து கேட்டால் ஒரே ஆள்தான் மறுபடி வந்திருக்கிறார் என்று நினைத்து, அதே முகவரியைக் கொடுத்துவிடும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் டிஎச்சிபி அடையாளத்தை மேக் என்று மாற்றி எழுதினால் இந்த மோதல் நின்றுவிடும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வலி மட்டும் போகும், எண் இரட்டையாகவே இருக்கும். பதிவுகளை ஓரிடத்தில் சேர்க்கிற நாளில் அல்லது லைசென்ஸ் மென்பொருள் ஒன்றை ஏற்றுகிற நாளில் மறுபடி தலைதூக்கும்.

வேடிக்கை என்னவென்றால், முந்தைய ஒப்பந்தக்காரர் இதை அறியாதவர் அல்லர். ரூட் அடைவில் அவர் எழுதிய சிறு ஸ்கிரிப்ட் கிடந்தது. மெஷின்-ஐடி கோப்பை அழித்துவிட்டு, இதே கட்டளையை ஓட்டுகிறது. பிறகு எப்படிப் பழைய எண்ணே வந்தது? கட்டளை புதிய எண்ணை உடனே குலுக்கிப் போட்டுவிடாது. முதலில் வேறு இடங்களில் தேடும். வார் அடைவுக்குள், நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் டி-பஸ் வைத்திருக்கும் மெஷின்-ஐடிதான் அது பார்க்கிற முதல் இடம். இப்போதைய உபுண்டுவில் அது பெரும்பாலும் ஈடிசி கோப்புக்கான இணைப்புச் சுட்டி மட்டுமே. அந்தச் சர்வரில் தனிக் கோப்பாக இருந்தது. ஸ்கிரிப்ட் ஒன்றை அழித்தது, கட்டளை மற்றொன்றிலிருந்து அதே எண்ணை எடுத்து மறுபடி எழுதியது.

கட்டளை இதை மறைக்கவும் இல்லை. எங்கிருந்து எண்ணை எடுத்தது என்பதை ஒரே வரியில் திரையில் சொல்லிவிடும்: டி-பஸ்ஸிலிருந்து என்றோ, கேவிஎம் கொடுத்த அடையாளத்திலிருந்து என்றோ, தற்செயல் எண்ணிலிருந்து என்றோ வரும். ஸ்கிரிப்ட் எழுதியவர் வெளியீடு முழுவதையும் எதையும் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் தள்ளியிருந்தார். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கட்டளையைப் பற்றி எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: அந்த ஒரு வரியைப் படிக்கிறவருக்கு இது நம்பகமான கருவி, படிக்காதவருக்கு இருந்தும் இல்லாததுபோல. என்னிடம் வேலை பழகும் தம்பிகளுக்கும் கட்டளையைவிட அந்த வரியைத்தான் முதலில் காட்டுகிறேன்.

கேவிஎம் விஷயம் எனக்குப் பிடித்த பகுதி. டி-பஸ்ஸில் எதுவும் இல்லாமல், மெய்நிகர் கணினிக்கென்று யூயூஐடி என்ற தனி அடையாள எண் கொடுக்கப்பட்டிருந்தால், கட்டளை அதையே மெஷின்-ஐடியாக எடுத்துக்கொள்ளும். நடுவில் உள்ள சிறுகோடுகளை நீக்கிவிடும். ஆகவே வெளியே கேவிஎம் அமைப்பில் தெரிகிற எண்ணும் உள்ளே இருக்கிற எண்ணும் ஒன்றே. எந்தச் சர்வர் எது என்று தேட வேண்டியதில்லை. குளோன் செய்யும் கருவியான விர்ட்-குளோன் ஒவ்வொரு நகலுக்கும் புதிய யூயூஐடி கொடுத்துவிடும். அமைப்புக் கோப்பைக் கையால் நகலெடுத்து வேறொரு பெட்டியில் ஓட்டினால் மட்டும் பழைய எண்ணே தொடரும்; ஒரே பெட்டியாக இருந்தால் கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட் தானே மறுத்துவிடும். நான் குளோனுக்கு முன்பு விர்ட்-சிஸ்ப்ரெப்பை ஓட்டிவிடுகிறேன். அது மெஷின்-ஐடியோடு, தொலைவிலிருந்து நுழைவோருக்குச் சர்வரை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவிகளையும் துடைத்துவிடும். சாவிகள் இரட்டையாக இருப்பது ஐபி மோதலைவிட மோசம், ஆனால் யாருக்கும் வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை.

குளோன்களுக்கு மூலமாக வைக்கும் டெம்பிளேட்டில் மெஷின்-ஐடி கோப்பை எந்த நிலையில் விட்டுவைப்பது என்பதில் நிறையக் குழப்பம் உண்டு. கோப்பே இல்லையென்றால் சிஸ்டம்டி அதை முதல் துவக்கம் என்று கருதும். சேவைகளின் இயக்க, நிறுத்த அமைப்புகளை முன்னிருப்புப்படி மறுபடி போடவும் கூடும். நீங்கள் நிறுத்தி வைத்திருந்த ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கோப்புக்குள் அன்இனிஷியலைஸ்ட் என்ற சொல் இருந்தாலும் அதே கதைதான். முதல் துவக்கத்தில் கணினியை அமைத்துக் கொடுக்கும் கிளவுட்-இனிட்டின் துப்புரவுக் கட்டளையில் மெஷின்-ஐடி விருப்பத்தைச் சேர்த்தால் அந்தச் சொல்லைத்தான் எழுதி வைக்கும். கோப்பு இருந்து, வெறுமையாக இருந்தால் முதல் துவக்கம் என்று கொள்ளாது, புதிய எண் மட்டும் வரும். என் டெம்பிளேட்டுகளில் நான் கோப்பை அழிப்பதில்லை, வெறுமையாக்கி விடுகிறேன். எழுத முடியாத வட்டிலிருந்து துவங்கிய கணினியில் எண் தற்காலிகமாகவே இருக்கும். வட்டு எழுதக்கூடியதான பிறகு கமிட் விருப்பம் அதை நிலைப்படுத்தும். எனக்கு அது அபூர்வமாகவே தேவைப்பட்டது. ரூட் விருப்பம் அப்படியில்லை. இயங்காத வட்டை வேறொரு கணினியில் மவுண்ட் செய்து, துவக்காமலே எண் போட அதுதான் உதவுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் எண்ணை மாற்றுவதற்கு விலை உண்டு. சிஸ்டம்டி எழுதும் ஜர்னல் என்ற நிகழ்வுப் பதிவுகள் மெஷின்-ஐடியின் பெயரிலேயே உள்ள அடைவில் சேர்கின்றன. எண் மாறியதும் புதிய அடைவு தொடங்கும். பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லை ஓட்டினால் நேற்றுவரை நடந்த எதுவும் தெரியாது. தொலைந்துவிடவில்லை, பழைய அடைவின் பெயரைக் கொடுத்தால் படிக்கலாம். ஃபெடோரா வகைக் கணினிகளில் துவக்கப் பட்டியலின் கோப்புப் பெயர்களிலும் இந்த எண் இருப்பதால் அங்கே இன்னும் எச்சரிக்கை தேவை. எல்லாவற்றையும்விடத் தொல்லை, லைசென்ஸ். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிறுவலை எண்ணுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் ஒன்று, எண்ணை மாற்றிய மறுநிமிடமே புதிய நிறுவல் என்று சொல்லிப் பூட்டிக்கொண்டது. அதே மென்பொருள் அதுவரை இரட்டை எண்ணோடு இரண்டு இடத்தில் ஓடியதை ஒரே நிறுவலாக எண்ணிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அதில் சிரிப்பு. இரண்டாவது லைசென்ஸுக்குக் காசோலை எழுதும்போது சிரிப்பு நின்றது.

அந்த மென்பொருளின் உதவி மேசை, மெஷின்-ஐடியை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னது. இதை நான் செய்வதில்லை. இந்த எண்ணை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும், நம்பத்தகாத இடங்களில் வெளிப்படுத்தக் கூடாது என்று கட்டளையை எழுதியவர்களே கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அடையாளம் தேவையென்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சிஸ்டம்டி-ஐடி128 என்ற கூட்டாளிக் கட்டளையில் ஆப்-ஸ்பெசிஃபிக் விருப்பம் இருக்கிறது. மென்பொருளின் அடையாளத்தைக் கொடுத்தால், மெஷின்-ஐடியைச் சாவியாக வைத்து எச்மேக்-ஷா256 என்ற ஒருவழிக் கணக்கின் மூலம் புதிய எண் ஒன்றைத் தரும். அதே கணினியில் எப்போது கேட்டாலும் அதே எண் வரும். அதிலிருந்து மூல எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. என் சொந்தச் சர்வர் பட்டியலில் இந்த வகை எண்களைத்தான் வைத்திருக்கிறேன். பட்டியல் யார் கையில் போனாலும் கவலையில்லை. இரண்டு வரிகளில் ஒரே எண் வந்தால் குளோன் ஒன்று துடைக்கப்படவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது.

விண்டோஸ் பக்கம் ஒரு வார்த்தை. விண்டோஸ் கணினியின் அடையாள எண்ணான எஸ்ஐடி இரட்டையாக இருந்தால் பெரிய கேடில்லை என்று, அதை மாற்றும் நியூஎஸ்ஐடி கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2009-இல் ஓய்வு கொடுத்தது. நம்மவர்கள், நகலெடுக்குமுன் அடையாளத்தைத் துடைக்கும் சிஸ்ப்ரெப்பையும் சேர்த்து மறந்தார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்த புதுப்பிப்புகள் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ஒரே எஸ்ஐடி உள்ள கணினிகளுக்கிடையே உள்நுழைவைத் தடுக்கின்றன. டியூஷன் நிலையத்தின் கணினிகளை மறுபடி நிறுவிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மிச்சமிருக்கும் ஒரே குறை, டி-பஸ் கோப்பில் பழைய எண் கிடைத்தால் கட்டளை கேட்காமலே எடுத்துக்கொள்வது. அதைத் தவிர்க்கச் சொல்லும் விருப்பம் ஒன்று இருந்திருக்கலாம். இல்லாததால் டெம்பிளேட் ஸ்கிரிப்டில் இரண்டு கோப்புகளையும் சரிபார்க்கிறேன், கட்டளையின் வெளியீட்டைப் பதிவுக் கோப்பில் சேர்க்கிறேன், அதில் டி-பஸ் என்ற சொல் வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்படி எழுதியிருக்கிறேன்.