ஒற்றைக் கிளட்ச் வண்டியில் ரோட்டவேட்டர்: மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு

தேவகோட்டையிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, எங்க வீட்டுலயும் பழைய டிராக்டர் சும்மாதான் நிக்குது. உங்கள மாதிரி ரோட்டவேட்டர் மாட்டிரலாமா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் என் ரோட்டவேட்டரின், அதாவது பிளேடு சுழன்று மண்ணைப் பொடியாக்கும் அந்தக் கருவியின், கியர் பாக்ஸைக் காரைக்குடியில் ஒரு பட்டறையில் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். இப்போது கொஞ்சம் ஆறிவிட்டதால் எழுதுகிறேன்.

எங்களுடையது 1996ஆம் வருட வண்டி. 35 எச்பி, ஒற்றைக் கிளட்ச். ரோட்டவேட்டர் ஐந்தடி, 36 பிளேடு. இந்த வண்டிக்கு ஆறடி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் வேண்டாம், ஐந்தடிக்கே ஈர மண்ணில் முக்குகிறது.

மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்றுதான் நினைத்தேன். வண்டியின் பின்பக்கம் கீழ்க்கை இரண்டு, மேலே டாப் லிங்க், மூன்று பின் போட்டால் முடிந்தது. உண்மையில் அந்த மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தன. இழுத்தது ஷாஃப்ட். வண்டியின் பி.டி.ஓ.விலிருந்து (இன்ஜின் சுழற்சியை வெளியே எடுத்துத் தரும் பின்பக்கத் தண்டு) ரோட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அந்தத் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், சுருங்கும். எங்கள் வண்டிக்கு அது நீளம். ரோட்டவேட்டரை மேலே தூக்கும் லிஃப்டைத் தூக்கும்போது உள்குழாய் போய் முட்டி, அதற்கு மேல் சுருங்க இடமில்லாமல் பி.டி.ஓ. பேரிங்கையே தள்ளப் பார்த்தது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "உள்ள, வெளிய ரெண்டையும் ஒரே அளவு வெட்டணும் தம்பி, மேல இருக்கிற பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து" என்றார். வெட்டினோம். வீட்டுக்கு வந்து நானே திரும்பச் சொருகினேன். அங்கேதான் தப்பு. இரண்டு முனை ஜாயின்டிலும் இருக்கும் கவைகள் ஒரே நேராக நிற்க வேண்டும். நான் ஒரு பக்கத்தைத் திருப்பிச் சொருகிவிட்டேன். ஒரு வாரம் சீட்டே அதிர்ந்தது. பேரிங் போய்விட்டது, பழைய வண்டி இப்படித்தான் என்று வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கழற்றி நேராகச் சொருகியதும் அதிர்வு நின்றது. வண்டியிடம் மன்னிப்பு கேட்கவில்லை.

அந்த உறையை மட்டும் யாரும் கழற்றிப் போட வேண்டாம். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. வேட்டி நுனி மாட்டினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

இனி என் உயிரை வாங்கும் விஷயம். ஒற்றைக் கிளட்சில் காலை அழுத்தினால் சக்கரம் நிற்கும், கூடவே பி.டி.ஓ.வும் நிற்கும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி அழுத்தினால் வண்டி மட்டும் நிற்கும், பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும், அடைத்த மண்ணை உதறிவிட்டு மேலே போகலாம். எங்கள் வண்டியில் அதற்கு வழி கிடையாது. இன்னும் ஒன்று: லிஃப்டுக்கு விசை தரும் ஹைட்ராலிக் பம்ப்பும் அதே பி.டி.ஓ. தண்டில்தான் ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் லிஃப்ட் தூக்காது. பி.டி.ஓ.வை விடுவித்தாலும் தூக்காது. ஆக வரப்போரம் திரும்பும்போதெல்லாம் பிளேடு சுழலச் சுழலத்தான் தூக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் ஷாஃப்ட் அளவுக்கு மீறி மடங்கி ஜாயின்ட் கடகடவென்று அடிக்கும். ஒரு ஏக்கருக்குள் எத்தனை தடவை திரும்புகிறோம்! மூன்று வருடமாக அந்தச் சத்தம் என் பல்லில் கேட்கிறது. லிஃப்ட் கம்பி ஓரளவுக்கு மேல் போகாதபடி ஒரு போல்ட் போட்டுத் தடுத்தேன், பாதி குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் பாவம். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து இரண்டு நாள் வெறித்த பிறகு, ஊருணிச் சரிவில் இருக்கும் எங்கள் செம்மண் காட்டில் முதல் கியரில் இதை இறக்கிப் பாருங்கள். கொக்கிக் கலப்பையில் நான்கு சால் ஓட்டியும் உடையாத கட்டி ஒரே சாலில் புட்டு மாவாக உதிரும். கடலை போட அன்று சாயங்காலமே நிலம் தயார். முன்பெல்லாம் வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் ஈரம் காய்ந்து, அடுத்த மழைக்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். அந்தக் காத்திருப்பு இப்போது இல்லை. வருடம் முழுக்க இதையே ஓட்டினால் நாலைந்து அங்குலத்துக்குக் கீழே மண் இறுகிவிடும், அதனால் கோடையில் ஆழமாக உழும் சட்டிக்கலப்பைதான். அது வேறு கதை.

சரி, கியர் பாக்ஸ். எங்கள் பக்கம் செம்மண்ணுக்கு அடியில் எந்த இடத்தில் செம்பூரான் கல் தலைகாட்டும் என்று தெரியாது. போதாததற்குச் சீமைக் கருவேல வேர். பிளேடு அதில் மோதினால் ஷாஃப்டில் உள்ள சின்ன போல்ட் ஒன்று முறிந்து மற்றதையெல்லாம் காப்பாற்றும். முறிவதற்காகவே வைத்த போல்ட் அது. போன மாதம் மேற்குக் காட்டில் அரை ஏக்கருக்குள் ஏழு போல்ட் முறிந்தது. ஒவ்வொரு தடவையும் இறங்கி, உடைந்த துண்டைத் தட்டி எடுத்து, புதிது போட வேண்டும். எட்டாவதாக டிரைவர் அண்ணன் டூல் பெட்டியில் கிடந்த கெட்டியான ஒரு போல்டை எடுத்துப் போட்டார். அது முறியவில்லை. உள்ளே கியர் பல்தான் முறிந்தது.

அவர் போட்டார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "அதையே போடுங்கண்ணே, பார்த்துக்கலாம்" என்றது நான்.

இதற்கு நடுவே வீட்டில் ஆச்சியுடன் தனிச் சண்டை. கழற்றிய ஷாஃப்டை மழைக்கு ஒதுக்கி முகப்பில் வைத்தேன், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கிரீஸ் கறை இறங்கிவிட்டது. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த கல் கெட்டியான கிரீஸுக்கு என்ன பதில் சொல்லும்? இன்னும் போகவில்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதே. உன் வண்டியும் ஒற்றைக் கிளட்ச்தான். கிளட்ச் தேயும், ஜாயின்ட் கத்தும், நீ என்னைத் திட்டுவாய். வாடகை வண்டியையே கூப்பிட்டு ஓட்டிக்கொள்.

இதைச் சொன்னதும் அவன் கேட்டான்: "அப்ப உங்களோடத எனக்குக் குடுத்துருங்கண்ணே, ரிப்பேர் செலவ நான் பாத்துக்கறேன்."

ஷாஃப்ட் என் வண்டி அளவுக்கு வெட்டியது, உனக்குச் சேராது என்று சொல்லிவிட்டேன்.