ஷெல் பிரேமா, மெட்டலா, ரிம்லெஸ்ஸா: எந்த முகத்துக்கு எது?

வட்ட முகத்துக்குச் செவ்வகம், சதுரத் தாடைக்கு வட்டம். எந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனாலும் இதைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் அகலம், மூக்கு, பவர் மூன்றையும் பார்த்த பிறகுதான் இந்த விதிக்கு வேலை.

பிரேமின் சைடு, அதாவது காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்தில் 52□18-140 என்பதுபோல அச்சிட்டிருக்கும். ஒரு லென்ஸின் அகலம், இரண்டு லென்ஸுக்கும் நடுவே மூக்கு இடைவெளி, சைடின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். நன்றாகப் பொருந்திய பழைய கண்ணாடி வீட்டில் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிரேமின் வெளி ஓரம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருபுறமும் உள்ள நெற்றிப்பொட்டுகளின் அகலத்தோடு நிற்க வேண்டும். சைடு இரண்டும் வெளியே வளைந்தால் பிரேம் சின்னது. காதிலிருந்து முன்னே தள்ளிக்கொண்டே வரும். முகத்தைத் தாண்டி நீட்டினால் பெரியது. கண்கள் மூக்கோடு ஒட்டினாற்போலத் தெரியும்.

வட்ட முகத்துக்கு ஷெல், அதாவது தடித்த பிளாஸ்டிக் பிரேமில் செவ்வகம் நல்ல தேர்வுதான். கோணங்கள் கன்னத்தின் வளைவை உடைத்துக் காட்டும். சிக்கல் மூக்கில். ஷெல்லில் மூக்குத் தாங்கி பெரும்பாலும் பிரேமோடு ஒட்டியே இருக்கும், நகர்த்த முடியாது. மூக்குத்தண்டு தாழ்வாக இருந்தால் பிரேம் இறங்கிக் கன்னத்தில் உட்காரும், சிரித்தால் மேலே எழும்பும். சென்னை மே மாத வியர்வையில் இன்னும் மோசம். வாங்கும் முன் கண்ணாடி முன்னே நின்று வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள், பிறகு குனிந்து பாருங்கள். இரண்டிலும் நகராவிட்டால் எடுக்கலாம்.

மெட்டலில் அந்தத் தொல்லை இல்லை. தனித்தனி நோஸ் பேடை (மூக்குத் தாங்கியை) விரித்தோ நெருக்கியோ அரை மணியில் சரிசெய்து தருவார்கள். சதுர முகத்துக்கும், நெற்றி அகன்று முகவாய் ஒடுங்கிய முகத்துக்கும் மெல்லிய வட்ட மெட்டல் நன்றாக இருக்கும். குறை வேறு இடத்தில். மலிவான உலோகத்தில் வியர்வை பட்டு, நோஸ் பேட் திருகைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படியும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்குத் தோல் சிவந்து அரிக்கும். அவர்கள் டைட்டானியம் கேட்டு வாங்குவது நல்லது.

நீள முகத்துக்கு மேலும் கீழும் உயரம் கூடிய பிரேம். ஒல்லிச் செவ்வகம் முகத்தை இன்னும் இழுத்துக் காட்டும். முட்டை வடிவ முகத்துக்கு அகலம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

இனி பவர். கடைக்காரர் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். −6 பவர், இரு கண்மணிகளுக்கும் இடையே 62 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 54-18 பிரேமில் லென்ஸ் நடுக்கள் 72 மி.மீ. தள்ளி இருக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. உள்ளே தள்ளித்தான் பவரின் மையத்தை வைக்க வேண்டும். வெளி ஓரம் மையத்திலிருந்து 32 மி.மீ. தூரம் போய்விடுகிறது. சாதாப் பிளாஸ்டிக் லென்ஸில் அங்கே தடிமன் ஏறத்தாழ 8 மி.மீ. அதே ஆள் 48-18 எடுத்தால் தூரம் 26, தடிமன் 6 சொச்சம். 54-இல் 1.67 என்ற விலை உயர்ந்த மெல்லிய லென்ஸ் போட்டாலும் கிட்டத்தட்ட அதே 6 தான். பிரேமைச் சுருக்கினாலே தடிமனில் விலை உயர்ந்த லென்ஸின் பலன் கிட்டத்தட்ட முழுதும் கிடைத்துவிடுகிறது. மைனஸ் பவர் கூடியவர்கள் முக வடிவம் எதுவானாலும் சின்ன, மூலை உருண்ட ஷெல்லைத் தேடுவதே மேல். தடித்த விளிம்பு ஓரத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடும். மெட்டல் கம்பி எதையும் மறைக்காது.

லென்ஸைச் சுற்றி விளிம்பே இல்லாத ரிம்லெஸ் முகத்தில் இருப்பதே தெரியாது. அகன்ற முகத்தை மறைக்காமல் லேசாகக் காட்ட அதைவிட நல்லது இல்லை. ஆனால் லென்ஸிலேயே துளை போட்டுத் திருகுகிறார்கள். சாதாப் பிளாஸ்டிக் போட்டால் துளையைச் சுற்றி விரிசல் ஓடும். எளிதில் உடையாத பிளாஸ்டிக்குகளான பாலிகார்பனேட்டோ ட்ரைவெக்ஸோ போடச் சொல்லுங்கள். ஒற்றைக் கையால் கழற்றுபவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், திருகு தளர்ந்துகொண்டே இருக்கும். மேலே மட்டும் விளிம்புள்ள பாதி பிரேமில் நைலான் இழை லென்ஸ் ஓரத்துக் காடிக்குள் (வெட்டிய பள்ளத்துக்குள்) ஓடும். ஓரம் மெலிந்த பிளஸ் பவர் லென்ஸில் அந்தக் காடி சில்லுச் சில்லாகப் பெயரும்.

தூரத்துக்கும் படிப்புக்கும் ஒரே லென்ஸான புரோகிரஸிவ் போடுபவர்கள் இன்னொன்றும் அளக்கச் சொல்ல வேண்டும்: கண்மணியிலிருந்து பிரேமின் கீழ் விளிம்பு வரை. 18 மி.மீ. இருந்தால் நிம்மதி. அதற்குக் குறைந்தால் குறுகிய வகை லென்ஸ்தான் போடவேண்டிவரும். படிக்கும் பகுதி ஒடுங்கிப்போய், எழுத்தைத் தேடித் தலையை ஆட்ட வேண்டியிருக்கும்.