ரெண்டு வயசுப் பிள்ளையோட பழைய சாமான் வேட்டை: புறக்கோட்டையா, மருதானையா, கறுவாத்தோட்டமா, கல்கிசையா?

கொழும்பில பழைய சாமான் தேடுறதில ஒரு கணக்கு இருக்கு, விலை குறையக் குறைய நிழலும் குறையும். நடைபாதையில சாக்கு விரிச்சு வச்சிருக்கிற ஆளிட்ட பித்தளைச் செம்பு மலிவு, ஆனா அங்க நிக்க ஏலாத வெயில், கால் வைக்க இடமில்லாத சனம். அதே செம்பு ஏசி போட்ட கடையில கண்ணாடி அலுமாரிக்குள்ள ஏறினதும் விலை எங்கயோ போயிடும், ஆனா பிள்ளைக்கு பம்பர்ஸ் மாத்த ஒரு பாத்ரூம் இருக்கும். தனிய அலையிற ஆக்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல. தோளில ஒரு பை, இடுப்பில ஒரு பிள்ளை எண்டு வெளிக்கிடுற எங்களைப் போல ஆக்கள்தான் ஞாயிற்றுக்கிழமை காலமை மண்டையைப் போட்டு உடைக்கிறது.

எங்கட வீட்டில இவருக்கு பழைய நாணயமும் ரெக்கோர்டும், எனக்கு பித்தளையும் பீங்கானும், சின்னவனுக்கு சில்லு பூட்டின எதுவும். மாமிக்கு இதெல்லாம் காசு குடுத்து வாங்கிற குப்பை, ஆனாலும் அவ வராம ஒரு இடமும் போறதில்ல, அதால அவ இருக்க ஒரு வாங்கும் வேணும். இந்த நாலு பேரையும் வச்சுத்தான் கீழ எல்லாத்தையும் ஒப்பிடுறன். உங்கட வீட்டு ஆக்கள் வேற மாதிரி எண்டா முடிவும் கொஞ்சம் மாறும்.

முதல்ல புறக்கோட்டை. வேட்டைக்கு இதை அடிக்க வேற இடம் இல்ல, பிள்ளைக்கு இதைவிட மோசமான இடமும் இல்ல. வெள்ளவத்தையில ட்ரெயின் ஏறி கோட்டையில இறங்கினா வழி முழுக்க இடப்பக்கம் கடல், சின்னவனுக்கு அந்த ட்ரெயினே பாதி நாள் கொண்டாட்டம். கிழமை நாளில அந்தக் குறுக்குத் தெருக்களுக்குள்ள நாட்டாமைமார், அதாவது மூட்டை சுமக்கிற ஆக்கள், வண்டில் இழுத்துக்கொண்டு வருவினம், லொறி பின்னால வரும், பிள்ளையோட அங்க போறது வில்லங்கம். ஞாயிறு எண்டா மொத்தக் கடைகள் கனக்கப் பூட்டு, கொஞ்சம் மூச்சு விடலாம். ப்ராமைத் தயவுசெய்து வீட்டில வச்சிட்டுப் போங்கோ, நடைபாதையே சாமானால மூடித்தான் இருக்கும், நெஞ்சில கட்டுற கேரியர்தான் சரி.

இங்க விளங்கிக்கொள்ள வேண்டிய ஒண்டு, பித்தளைக்கு ரெண்டு விலை இருக்கு, கிலோ விலை, அன்டிக் விலை. வீடு வீடா வந்து பழைய பேப்பர் போத்தல் எடுக்கிற ஆக்களிட்ட இருந்து வாறது எல்லாம் முதல்ல நிறுவையிலதான் கைமாறும், உருக்கிறதுக்குப் போற வழியில யாராவது கண்டு மறிச்சாத்தான் அது பழம்பொருள் ஆகுது. அந்த வழியில நிண்டு மறிக்கிறதுதான் புறக்கோட்டை வேட்டை. சேவல் பிடி வச்ச கரி அயன் பெட்டி, வெத்திலைத் தட்டம், பாக்குவெட்டி, பெட்ரோமாக்ஸ் எல்லாம் இப்பிடித்தான் கிடைக்கும். கையில ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கோ, பித்தளையில காந்தம் ஒட்டாது, ஒட்டினா உள்ள இரும்பு, மேல வெறும் பூச்சு. நகைக் கடைகள் இருக்கிற செட்டியார் தெருவிலயும் இதே கதைதான், பழைய வெள்ளிக் கொலுசும் அரைஞாணும் வேலைப்பாட்டுக்கு இல்ல, எடைக்குத்தான் வாங்கிறாங்க, வாங்கினதை உருக்கியும் போடுவாங்க, அதால உருக்க முதல் கேட்டா எடை விலையோட கொஞ்சம் கூட்டித் தரலாம்.

பிள்ளைக்கு இங்க என்ன இருக்கு எண்டு கேட்டா, 1909ல கட்டி முடிச்ச சிவப்புப் பள்ளிவாசல் இருக்கு, அந்த சிவப்பு வெள்ளை வரிகளைப் பாத்தா எந்தக் குழந்தையும் ஒரு நிமிஷம் வாயை மூடும். ஒரு நிமிஷம்தான். பேரம் பேசுறதிலயும் பிள்ளை ரெண்டு பக்கமும் வெட்டும், சில வியாபாரிமார் குழந்தையைக் கண்டதும் "பபாவுக்காக" எண்டு விலையைக் குறைப்பாங்க, ஆனா அந்த பபா சாமானைக் கட்டிப்பிடிச்சு விடமாட்டன் எண்டு கத்தத் தொடங்கினா உங்கட பேரம் அவ்வளவுதான், அந்த ஆள் ஒரு சதம் இறங்கமாட்டார்.

மருதானைப் பக்கம், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில இருக்கிற பழைய புத்தகக் கடைகள், காகிதம் சேக்கிற ஆக்களுக்கு இதுதான் இடம். ஆங்கிலமும் சிங்களமும் குவிஞ்சு கிடக்கும், தமிழைத் தோண்டி எடுக்க வேணும், ஆனா தோண்டினா வரும், எழுபதுகளில வந்த வீரகேசரி பிரசுர நாவல்கள், அட்டை கிழிஞ்ச பள்ளிக்கூடப் புத்தகங்கள், பேர் எழுதி மை மங்கின பரிசளிப்புப் புத்தகங்கள். இந்த வகைச் சாமான்ல ஒரு வசதி, பாரம் இல்ல, பம்பர்ஸ் பைக்குள்ளயே போயிடும். கெட்டது தூசி, தும்மல், பக்கத்திலயே பறக்கிற பஸ். ரெண்டு பேர் மாறி மாறி நிக்காம இங்க ஒண்டும் நடக்காது. அதே ரோட்டில தபால் தலைமையகத்தில தபால் நூதனசாலையும் இருக்கு, 1857 ஏப்ரல் 1ல வந்த இலங்கையின்ர முதல் முத்திரை, விக்டோரியா ராணி தலை போட்ட ஆறு பென்ஸ், அதில இருந்து தொடங்கிற கதை. முத்திரை சேக்கிற அப்பாமாருக்கு சொர்க்கம், ரெண்டு வயசுக்கு அங்க பெரிசா வேலை இல்ல.

ஆனா மருதானையைத் தனியாப் பாக்காதீங்கோ, அங்க இருந்து ஓட்டோ பிடிச்சா கெதியாவே ஹுணுப்பிட்டி கங்காராமை பௌத்த விகாரைக்குப் போயிடலாம். பக்திக்கு மட்டும் எண்டு நினைச்சு கனபேர் இதைக் கணக்கில எடுக்கிறதில்ல. ஆட்கள் காணிக்கையாக் குடுத்த சாமான் எல்லாம் அங்க சேர்ந்து சேர்ந்து, பழைய கார், மணிக்கூடு, கமரா, மூக்குக் கண்ணாடி, யானைத் தந்தம் எண்டு ஒரு ஒழுங்கும் இல்லாமக் குவிஞ்சிருக்கு, லேபல் ஒட்டி அடுக்கின நூதனசாலை மாதிரி இல்ல, யாரோ ஒரு பெரியப்பாவின்ர பரணுக்குள்ள ஏறின மாதிரி இருக்கும். சில்லு வச்சதெல்லாம் பிடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பழைய கார்கள் முன்னால நிண்டாப் பிறகு வேற ஒண்டும் வேணாம். செருப்பைக் கழட்டோணும், அதால மத்தியான வெயில் தரையைச் சுட வைக்க முதல் போங்கோ. பிறகு பேர வாவிக் கரையில கூழைக்கடா பாக்கலாம், அன்னம் மாதிரிப் படகு மிதிக்கலாம். வாங்க ஒண்டும் இல்ல, ஆனா புத்தகத்தை முதலே வாங்கியாச்சே.

கறுவாத்தோட்டம் எண்டா தேசிய நூதனசாலையும் விகாரமகாதேவிப் பூங்காவும். வேட்டை பூச்சியம் எண்டு சொல்லி இவர் முகத்தைச் சுழிப்பார், நான் ஒத்துக்கொள்ளமாட்டன். ஒரிஜினல் எப்பிடி இருக்கும் எண்டு கண்ணுக்குப் பழக்காம புறக்கோட்டைக்குப் போனா, போன கிழமை வார்த்து அமிலத்தில கறுப்பாக்கின விளக்கை நூறு வருஷத்து விளக்கு எண்டு தலையில கட்டிடுவாங்க. 1877ல திறந்த கட்டடம், கட்டினவர் வாப்பிச்சி மரைக்கார், முன்னுக்கு அந்தப் பெரிய ஆலமரங்கள். உள்ள கண்டி அரசன்ர சிம்மாசனத்துக்கு முன்னால சனம் கூடும், நான் சொல்றது காலியில கிடைச்ச மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கோ எண்டு. 1409ஆம் ஆண்டு போட்ட அந்தக் கல்லை சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின்ர கப்பல் ஆக்கள் கொண்டுவந்தது, சீனம், பாரசீகம், தமிழ் மூண்டும் இருக்கு, தமிழ்ப் பக்கம் தேவேந்திரமுனையில இருந்த தெனாவரை நாயனார் எண்ட சாமிக்கு. சின்னவன் கல்லைப் பாக்கமாட்டான், புல்லில உருளுவான், ஆலம்விழுதைப் பிடிச்சு இழுப்பான், அதுவும் நல்லதுதான், ஏனெண்டா மாமி நிழலில இருக்க, நாங்க மாறி மாறி உள்ள போயிட்டு வரலாம். நாலு பேரும் சண்டை பிடிக்காம வீடு வாற ஒரே இடம் இது.

காலிமுகத்திடலைச் சும்மா ஒரு வசனத்தில சொல்லிட்டுப் போறன், பட்டம், இறால் வடை, காத்து, அவ்வளவும் பிள்ளைக்கு, பெரியாக்களுக்கு வேணுமெண்டா கோல்பேஸ் ஹொட்டலில இளவரசர் பிலிப் 1940ல இங்க கடற்படையில இருக்கேக்க வச்சிருந்த 1935 ஸ்டேண்டர்ட் நைன் கார் நிக்குது.

கல்கிசைப் பக்கத்துக்கு வருவம். வெள்ளவத்தையில ஏறினா தெஹிவளை, அடுத்தது கல்கிசை, டிக்கட் விலையும் ஒண்டுமில்ல, இறங்கினா கடற்கரை. காலி வீதியிலயும் உள் ரோடுகளிலயும் பழைய தளபாடக் கடைகள் இருக்கு, முதிரை, நெதுன், கருங்காலி, தேக்கு எண்டு பளபளக்கும். விலை பேச இடம் குறைவு, "பிள்ளையைப் பிடியுங்கோ" எண்ட பார்வை வாசலிலயே தொடங்கும். எனக்கு இந்தக் கடைகளில பெரிய நம்பிக்கையும் இல்ல, மொரட்டுவைத் தச்சர்மார் கைதேர்ந்த ஆக்கள், டச்சுக் காலக் கதிரை எண்டு சொன்னா அப்பிடியே செய்து தருவாங்க, அது நல்ல கதிரைதான், ஆனா பழைய கதிரை இல்ல. லாச்சியை வெளிய இழுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கோ, வட்ட வாளின்ர வளைஞ்ச கோடு எல்லாத் துண்டிலயும் ஒரே மாதிரி ஓடுது எண்டா, மூலைப் பொருத்து எல்லாம் அச்சுக் குத்தின மாதிரி ஒரே அளவு எண்டா, மெஷின் வேலை. உண்மையான சாய்மனைக் கதிரை ஒண்டு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில கவனிப்பாரில்லாமக் கிடக்கும், அதைக் கேட்டு வாங்கிறது எவ்வளவோ மேல்.

இக்மன் எண்ட ஒன்லைன் விளம்பரத் தளத்தில தேடுறதும் இருக்கு, பிள்ளை நித்திரையானாப் பிறகு கட்டிலில கிடந்துகொண்டே பாக்கலாம், ஆனா போட்டோவில காந்தம் ஒட்டிப் பாக்க ஏலாது, ரெக்கோர்டில கீறல் தெரியாது, அது குடும்பமா வெளிய போற கணக்கிலயும் வராது.

எங்க வாங்கினாலும் வயசு பாக்க ரெண்டு மூண்டு வழி இருக்கு. நாட்டுக்குப் பேர் மாறினது 1972 மே 22, அதால தகர டப்பாவிலயோ பீங்கானிலயோ ஆங்கிலத்தில மேட் இன் சிலோன் எண்டு இருந்தா பெரும்பாலும் அதுக்கு முந்தினது. தேயிலை டப்பாவில மட்டும் இதைப் பாத்து ஏமாறாதீங்கோ, அதில சிலோன் எண்டு இண்டைக்கும் போடுறாங்க. கடைப் பேருக்குக் கீழ ரெலிபோன் நம்பர் எத்தனை இலக்கம் எண்டு பாருங்கோ, குறையக் குறையப் பழசு. பீங்கானுக்கு அடியில ஒக்கியுபைட் ஜப்பான் எண்டு முத்திரை இருந்தா யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கா ஜப்பானைப் பிடிச்சு வச்சிருந்த காலம், 1952க்கு முந்தினது, அப்பிடி ஒரு கோப்பை கிடைச்சா விடாதீங்கோ.

நாணயம் சேக்கத் தொடங்கிற ஆக்களுக்கு சதக் காசுதான் நல்லது, சதுர அஞ்சு சதம், விளிம்பு வளைஞ்சு வளைஞ்சு போற ரெண்டு சதமும் பத்துச் சதமும், தமிழிலயும் எழுதியிருக்கும், விலையும் கையைக் கடிக்காது. பிள்ளைக்கும் அந்த வடிவங்கள் பிடிக்கும், பிடிக்கிறதுதான் பயமும், நேரா வாய்க்குள்ள போகும். அதால காசு எண்டா வாங்கின இடத்திலயே ஜிப் பையில போட்டுப் பூட்டுங்கோ. பழைய விளையாட்டுச் சாமானை அலுமாரிக்கு மேல வச்சு அழகு பாருங்கோ, விளையாடக் குடுக்காதீங்கோ, அந்தக் காலப் பெயின்ட்டில ஈயம் கலந்திருக்கும். ஈயம் பூசின பழைய பித்தளைப் பாத்திரத்தில பிள்ளைக்குப் பால் காய்ச்சுறதும் வேணாம், "நாங்க எல்லாம் அதில குடிச்சுத்தானே வளந்தம்" எண்டு மாமி சொல்லத்தான் செய்வா. பழைய மரத் தொட்டில் அழகுதான், கம்பிக்கும் கம்பிக்கும் இடையில 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருந்தா பிள்ளையின்ர உடம்பு வழுக்கித் தலை சிக்கும், அதில பொம்மையை வையுங்கோ.

கனடாவில இருந்து வாற சொந்தக்காரர் பித்தளை விளக்கைப் பாத்திட்டு "எனக்கும் ஒண்டு எடுத்து வை" எண்டு சொல்லுவினம், உண்மையிலயே பழம்பொருள் எண்டா 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கு, தொல்பொருள் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாம நாட்டுக்கு வெளிய கொண்டுபோக ஏலாது, எயார்போர்ட்டில வச்சு விளங்கப்படுத்திறதைவிட வாங்க முதலே சொல்லிடுங்கோ.

எதைத் தெரிவு செய்யிறது எண்டா, நடக்கத் தொடங்காத பிள்ளை எண்டா புறக்கோட்டைக்கு இப்பவே போங்கோ, கேரியரில நித்திரை கொள்ளும், உங்களுக்குக் கை ரெண்டும் மிச்சம். ஓடத் தொடங்கின பிள்ளை எண்டா மருதானை, கங்காராமை ரெண்டையும் ஒண்டாப் போடுங்கோ, என்ர ஓட்டு அதுக்குத்தான், பெரியாக்களுக்கு ஒரு மணித்தியாலம், பிள்ளைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டு பிரிக்கலாம், ஒருத்தரும் ஏமாறேல்ல. மாமிமார் கூட வந்தா கறுவாத்தோட்டம், அதில பேச்சே இல்ல. கல்கிசைக்கு கடலுக்காகப் போங்கோ, கடையை வழியில எட்டிப் பாத்தாப் போதும். ஒக்டோபர் நவம்பரில எங்க போறதெண்டாலும் காலமையே போயிட்டு வந்திடுங்கோ, பின்னேரம் இடியோட மழை கொட்டும், நடைபாதையில ஒரு நிமிஷத்தில தறப்பாள் மூடிடுவாங்க, ஓட்டோக்காரரும் விலையை ஏத்திடுவாங்க.