உச்சிப்புளி ரோபோ யானைக் கூடாரம்: யானையைப் பாருங்கள், பலகையை நம்பாதீர்கள்

மண்டபம் போகிற ரோட்டில் உச்சிப்புளி தாண்டியதும் நீலத் தகரம் அடைத்து ஒரு கூடாரம் போட்டிருக்கிறார்கள். வாசலில் பெரிய பிளெக்ஸ், உள்ளே அசைகிற, பிளிறுகிற ரோபோ மிருகங்கள். ராமேசுவரம் போகிற சுற்றுலா வேன்களைக் குறிவைத்துப் போட்ட கடைதான். விடுமுறை என்பதால் நம்மூர்ப் பிள்ளைகளும் அங்கே போகணும் என்று வீட்டில் நச்சரிக்கிறார்கள். பேரனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

டிக்கெட் பெரியவர்களுக்கு 120, பிள்ளைகளுக்கு 80. சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் சுமார் ரகம். முதலை வாயைத் திறந்தால் மூட மாட்டேன் என்கிறது. அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கூடாரத்தின் கடைசியில் நிற்கிற ஆப்பிரிக்க யானைக் குடும்பத்துக்காகத்தான் கூட்டமே வருகிறது. களிறு ஒன்று, தாய் ஒன்று, கன்று ஒன்று.

தாய் யானையைச் செய்தவன் கெட்டிக்காரன். முதுகு நடுவில் குழிந்திருக்கிறது, நெற்றி ஒரே சரிவாக இறங்குகிறது, பெண்ணுக்கும் தந்தம் வைத்திருக்கிறான். நம் கோயில் யானைகளைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அந்தக் காதுதான் முதலில் படும். தோளையே மூடுகிற காது, மெதுவாக முன்னும் பின்னும் அசைகிறது. காது விசிறித்தான் உடம்புச் சூட்டை ஆற்றிக்கொள்ளும், அதையும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். கடல் காற்றில் கால் மூட்டுக் கம்பிகள் மட்டும் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டன. கச்சான் காற்று இன்னும் கொஞ்சம் ஏறினால் அந்தக் காது எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது.

கன்றைப் பார்த்ததும்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. தாயின் பின்னங்கால் இடுக்கில் தலையை விட்டுப் பால் குடிக்கிறது! நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். திருப்புல்லாணி, ரெகுநாதபுரம், பெரியபட்டினம் பக்கம் மாடு வைத்திருந்தவர்களிடம் ஊசிக்கார அக்கா என்றால் தெரியும். மாட்டுக்கு மடி பின்னால் இருக்கும். யானைக்கு முலை இரண்டே இரண்டு, அதுவும் முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சில். கன்று தும்பிக்கையை மேலே மடக்கிக்கொண்டு வாயால் குடிக்கும். இதே அமைப்பை நம் கடலிலேயே பார்க்கலாம். ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கும் முலைக்காம்பு முன் துடுப்பின் அக்குளில்தான். யானையும் ஆவுளியாவும் பங்காளி வகையறா என்று உயிரியல் படித்தவர்கள் சொல்வார்கள். பாக் நீரிணையில் ஆவுளியாவுக்கென்று காப்பகமே அறிவித்தாகிவிட்டது. மண்டபத்துப் பக்கம் கூடாரம் போட்டவர்கள் அதை ஒரு வரி எழுதி வைத்திருந்தால் நம் பிள்ளைகள் வாய் பிளந்திருக்கும்.

கன்றின் தும்பிக்கை நுனியில் விரல் ஒன்றுதான் இருக்கிறது. ஆப்பிரிக்க யானைக்கு மேலும் கீழுமாக இரண்டு விரல், நம் நாட்டு யானைக்கு ஒன்று. ஆப்பிரிக்கக் காது, ஆசிய விரல் என்று கலந்து ஒரு கன்று உண்மையிலேயே ஒரே ஒரு தடவை பிறந்திருக்கிறது. 1978இல் இங்கிலாந்தில் செஸ்டர் விலங்குக்காட்சிச் சாலையில் ஆப்பிரிக்கக் களிறுக்கும் ஆசியப் பெண் யானைக்கும் பிறந்தது. மோட்டி என்று பெயர் வைத்தார்கள், சுமார் பத்து நாளில் இறந்துபோனது. உச்சிப்புளியில் அதை உயிர்ப்பித்துவிட்டார்கள் போல.

இதையெல்லாம் பொம்மைதானே என்று விட்டுவிடலாம். பக்கத்தில் நிற்கிற பலகையை விட முடியவில்லை. "உலக விலங்குக்காட்சிச் சாலைகளின் இனப்பெருக்கத் திட்டங்களால் ஆப்பிரிக்க யானை இனம் அழிவிலிருந்து காக்கப்படுகிறது" என்று எழுதி, கீழே கன்றோடு சிரிக்கிற காவலர் படம். ஒலிபெருக்கியிலும் அதையே சொல்கிறது. பேரன் கேட்டான்: "அப்பத்தா, மாட்டுக்கு நீ போட்ட மாதிரி யானைக்கும் ஊசி போடுவாங்களா?"

போடுவார்கள். அவன் கேட்டது சினை ஊசியை, அதாவது களிறு இல்லாமலே விந்தை உள்ளே செலுத்திச் சினைப்படுத்துவதை. ஓய்வுக்குப் பிறகு நான் தேடித் தேடிப் படிக்கிறது இதைத்தான். மாட்டுக்கு 21 நாளைக்கு ஒரு தடவை பருவம் வரும். கத்தும், கண்ணாடி மாதிரி சளி தொங்கும், காலையில் பார்த்தால் சாயங்காலம் ஊசி. சினை நிற்காவிட்டால் மூன்று வாரத்தில் அடுத்த வாய்ப்பு. யானைக்குப் பருவச் சுற்று மூன்றரை, நான்கு மாதம். ஒரு தடவை தவறினால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வெளியே பார்த்துத் தெரிகிற அடையாளமும் மனிதக் கண்ணுக்குக் கிடையாது, இரத்தம் எடுத்து ஹார்மோன் பார்க்க வேண்டும். கரு முட்டையை வெளியேற்றுகிற ஹார்மோன் யானைக்கு இரண்டு தடவை எழும்பும். முதல் தடவை முட்டை வராது. அதிலிருந்து சுமார் மூன்று வாரம் கழித்து மறுபடி எழும்பும்போதுதான் வரும். முதல் எழுச்சியைப் பிடித்துவிட்டால் நாளைக் குறித்துவிடலாம். இதைக் கண்டுபிடித்த பிறகுதான் யானைக்குச் சினை ஊசி என்பதே கைகூடியது. என் பணிக்காலம் முழுக்க விவசாயி ஓடிவந்து, "அக்கா, நேத்தே கத்துச்சு, இப்பத்தான் சொல்ல முடிஞ்சுது" என்பதைக் கேட்டே கழிந்தது. அந்த மூன்று வார முன்னறிவிப்பு மாட்டுக்கும் இருந்திருந்தால் எத்தனை ஊசி வீணாகாமல் தப்பியிருக்கும்!

போடுகிற முறையும் வேறு. மாட்டுக்கு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு குழாயைச் செலுத்துவோம், இரண்டு நிமிட வேலை. யானைக்கு வெளித்துவாரத்திலிருந்து பிறப்புறுப்பின் உள்வாசலுக்கே ஒரு மீட்டருக்கு மேல் தூரம். கேமரா வைத்த நீளக் குழாய், ஸ்கேன் கருவி, ஒரு பட்டாளம் ஆட்கள் வேண்டும். பெர்லினிலிருந்து ஒரு மருத்துவக் குழு இதற்காகவே நாடு நாடாகப் போய் வேலை செய்திருக்கிறது. ஆப்பிரிக்க யானையில் இப்படிப் பிறந்த முதல் கன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், 2000ஆம் ஆண்டு. அப்புறம் தென்னாப்பிரிக்கக் காட்டுக் களிறுகளை மயக்கி விந்து எடுத்து, உறைய வைத்து, ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். வியன்னாவின் ஷோன்ப்ரூன் விலங்குக்காட்சிச் சாலையில் டோங்கா என்ற யானைக்கு அதைச் செலுத்தி 2013 செப்டம்பரில் பெண் கன்று பிறந்தது, பெயர் இக்வா. உறைவிந்துக் குச்சியை நைட்ரஜன் கேனில் போட்டு மொபெட்டில் கட்டிக்கொண்டு அலைந்தவள் நான். காட்டில் நிற்கிற களிறு வியன்னாவில் தகப்பன் ஆனதைப் படித்தபோது அந்த ஆட்களை எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

கும்பிடுகிறேன், ஆனாலும் பலகை சொல்வது தவறு. மாடு ஒன்பது மாதத்தில் ஈனும். யானை 22 மாதம் சுமக்கும், நூறு கிலோ கன்று ஒன்று போடும், அடுத்ததற்கு நான்கைந்து வருடம். இளமையில் ஈனாமல் விட்ட பெண் யானைகள் பின்னால் சினை பிடிப்பது கடினம். விலங்குக்காட்சிச் சாலைகளில் பல யானைகளுக்குப் பருவச் சுற்றே நின்றுபோகிறது. மதம் பிடிக்கிற களிறை வைத்துச் சமாளிக்கப் பயந்து பல இடங்களில் ஆணே வைத்திருக்கவில்லை. ஆயுளும் குறைவு. ஐரோப்பிய விலங்குக்காட்சிச் சாலைகளில் ஆப்பிரிக்கப் பெண் யானையின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டு என்றும், கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் இயற்கையாக இறந்தவற்றுக்கு 56 என்றும் 2008இல் சயன்ஸ் இதழில் ஆய்வு வந்தது. மனிதர் கொன்றவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் காட்டில் 35.9. கறவை மாட்டுப் பண்ணையில் சாவு பிறப்பை முந்தினால் அந்தப் பண்ணையை என்ன சொல்வோம்? வெளியிலிருந்து மாடு வாங்கி நிரப்புகிற பண்ணை என்போம். அங்கேயும் அதைத்தான் செய்தார்கள். 2016இல் அப்போதைய சுவாசிலாந்திலிருந்து (இப்போது எஸ்வாட்டினி) 17 யானைகளை விமானத்தில் ஏற்றி மூன்று அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைகளுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அவற்றுக்குக் கன்றுகள் பிறந்தன என்பதும் உண்மைதான்.

நம் நாட்டுக் கதை இதைவிடப் பாவம். ஜிம்பாப்வே பரிசாகக் கொடுத்த சங்கர் என்ற களிறு டெல்லி விலங்குக்காட்சிச் சாலையில் இருந்தது. கூட வந்த பெண் யானை சில வருடங்களில் இறந்துவிட்டது. அதன் பிறகு தன் இனத்துத் துணை இல்லாமலே வருடக்கணக்காக நின்று, 2025 செப்டம்பரில் சங்கரும் இறந்தது. கூடாரத்தில் இந்தியா என்ற சொல்லே இல்லை.

வெளியே வரும்போது கட்டுப்பாட்டு அறையில் இருந்த தம்பியிடம் கன்றை முன்னங்கால் பக்கம் நகர்த்தச் சொன்னேன். "அம்மா, போல்ட்டு போட்டு இறுக்கிருக்குமா, ஓனர்ட்ட சொல்றேன்" என்றான். பலகையைப் பற்றிச் சொன்னதற்கு, "அது சூரத்துலயே அடிச்சு வந்துருதும்மா" என்று சிரித்தான். நல்ல பையன், அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. காசு வாங்குகிறவர்கள் ஒரு கால்நடை மருத்துவரிடம் அரைமணி நேரம் கேட்டிருக்கலாம்.

என் மதிப்பெண்: தாய் யானைக்கு ஐந்துக்கு நான்கரை. கன்றுக்கு ஒன்று. பலகைக்குப் பூஜ்யம். பிள்ளைகளோடு போகிறவர்கள் சாயங்காலம் ஐந்துக்கு மேல் போங்கள், மதியம் தகரச் சூடு தாங்காது. ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும், கைக்குழந்தையை உள்ளே கொண்டுபோக வேண்டாம். பஸ்ஸில் வருகிறவர்கள் உச்சிப்புளியிலேயே இறங்கி ஆட்டோ பிடியுங்கள், கூடாரத்துக்கு எதிரே வண்டி நிற்காது. உள்ளே விற்கிற டெல்லி அப்பளம் 50 ரூபாய், எண்ணெய் சரியில்லை. வாசலில் நுங்கு வெட்டுகிற அம்மாவிடம் வாங்கிச் சாப்பிடுங்கள்.