கடைக்கு இலவச ஃபிரிட்ஜ் என்று வருகிறார்களா? கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்

கோபி, சத்தி, அந்தியூர் பக்கம் பேக்கரி, டீக்கடை வைத்திருப்பவர்களும், என்னைப் போல உள்ளூரில் சோடா, கலர் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம்.

போன கோடைக்கு முன்னால் ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனியின் ஏஜென்ட், நாங்கள் வண்டியில் சரக்குப் போடும் எங்கள் லைனில் இறங்கினார். கடைக்கு ஒரு ஃபிரிட்ஜ் சும்மா, பெட்டி எடுத்தால் மேலே இலவசச் சரக்கு. யாருக்குக் கசக்கும்? அடுத்த லோடு இறக்கப் போனால் எங்கள் பன்னீர் சோடா வாசலில் வெயில் காய்கிறது.

"தப்பா நெனச்சுக்காதீங்ணா. உங்க பாட்டலை உள்ள வெச்சா ஃபிரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிருவோம்ங்கறாங்க" என்றார் பேக்கரிக்காரர். சூடான கலரை எவன் குடிப்பான்? பாதிக் கடைகளில் லைன் நின்றது. எங்கள் லைன் நின்றதும் அந்தக் கம்பெனியின் இலவசச் சரக்கும் நின்றுபோனது. இப்போது அதே கடைக்காரர்கள் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

இதைவிடக் கொடுமை பாட்டில். எங்கள் தொழிலில் உள்ளே இருக்கும் சோடாவைவிட கண்ணாடிக்குத்தான் விலை. ஏஜென்ட் ஆட்கள் தங்கள் காலிப் பாட்டிலோடு எங்கள் கிரேட்டையும் ஏற்றிப்போயிருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு சாக்கைப் பிரித்தால், எங்கள் பெயர் பொறித்த கண்ணாடி உடைந்து கிடக்கிறது. "தெரியாம வந்திருச்சுங்க" என்றார் ஏஜென்ட். வாரா வாரமா தெரியாமல் வரும்?

2002 போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பெரிய கம்பெனியாக இருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அந்தப் பலத்தை வைத்து அடுத்தவனைச் சந்தைக்குள் விடாமல் செய்வதும், ஆளை ஒழிக்க அடக்க விலைக்குக் கீழே விற்பதும்தான் குற்றம். 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்ட இந்தியப் போட்டி ஆணையத்தில்தான் இதற்கும் மனுக் கொடுக்க வேண்டும், அதுவும் 3 ஆண்டுக்குள். ஆனால் ஏஜென்ட் வாயால் மிரட்டியதை மட்டும் வைத்து அங்கே ஒன்றும் ஆகாது.

அதனால் ஃபிரிட்ஜ் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் ஃபிரிட்ஜே வேண்டாம். மிரட்டலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பாட்டில் போடுகிறவர்கள் காலி கிரேட் கணக்கில் கடைக்காரர் கையெழுத்து வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். எங்கள் பாட்டில் எந்தக் கடையில் தேங்கிக் கிடந்தாலும் எங்கள் லைன் வண்டிக்காரரிடம் கொடுங்கள், டெபாசிட் தொகை உடனே கிடைக்கும்.